அட்டனில் வாங்கிய பெட்டி

திம்புள்ள,
மேல் டிவிசன், எட்டாம் நம்பர் லயம்.
29.8.1982

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு அம்மாக்கண்ணு எழுதுவது. நானும் சின்னவன் அழகனும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கினிகத்தேனையில் உங்களுக்கும் மத்தியாஸ் மாஸ்டர் ஐயாவுக்கும் என் பேத்தி ஐவிக்கும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் வரக்கூடாது என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

விசயம் என்னவென்றால் டீவிப் பெட்டி வந்துவிட்டது. புதன்கிழமை லொறி வந்தது. லயத்து வீட்டு வரிசைக்கு ஏறுகிற ரோட்டில் வர மாட்டேன் என்று கோயிலடியிலேயே நிறுத்திவிட்டான். அழகனும் இன்னும் மூன்று பேரும் மூங்கிலில் கட்டித் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். அதைத் தூரத்தில் பார்த்துவிட்டு ராக்காயிக் கிழவி, யாருடி செத்தது என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு இரண்டு கதவையும் திறந்து காட்டினேன், வாயை மூடிக்கொண்டாள். ஆமாம், இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த அதே பெட்டிதான். கலர்.

நல்லமுத்து கடையில் காட்டிய அந்தச் சின்னப் பெட்டியை நான் ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். நல்லமுத்து நல்லவன்தான், இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஆனாலும் அது கறுப்பு வெள்ளை, சூட்கேஸ் அளவு. லொறிக்குப் போடுகிற பேட்டரியில் ஓட்டணும். வாரம் ஒருதரம் பேட்டரியைச் சுமந்துகொண்டு டவுனுக்கு அலையணும். நாற்பது வருசம் கூடை சுமந்தாச்சு, இனிமேல் பேட்டரியுமா? அதனால்தான் செபஸ்தியாம்பிள்ளை முதலாளி கடையில் எடுத்தேன். அன்டெனாவும் அவர்களே வந்து பூட்டித் தருகிறார்கள். உங்கள் கோயில் ஆள், ஏமாற்ற மாட்டார்.

போன லீவில் ஐவி இரண்டாம் நாளே, அப்பாயி வீட்ல டீவி இல்ல, நான் அம்மாயிகிட்ட போறேன் என்று அழுதாள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். டிசம்பர் லீவுக்கு முழுசாக என்னிடம் அனுப்பிவையுங்கள். இப்போது சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

என்னோடு அட்டன் வரைக்கும் வந்து கால்கடுக்க நின்றீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது.

இப்படிக்கு,
அம்மாக்கண்ணு


கினிகத்தேனை,
7.9.1982

பாசமுள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தேவமாதா உங்களையும் தம்பி அழகனையும் காப்பாளாக. உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்ததில் சந்தோஷம்.

ஐவி நன்றாகப் படிக்கிறாள். கணக்கில் மட்டும் கவனம் இல்லை. பல் ஒன்று விழுந்து, அதைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள், அப்பாயிக்குக் காட்ட வேண்டுமாம். கொழும்பிலிருந்து மகள் மரியநாயகியும் மாப்பிள்ளை அழகுமுத்துவும் கடிதம் போட்டார்கள். அந்த ஒற்றை அறையை விட்டு மாறும்வரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

டிசம்பர் லீவைப் பற்றி இப்போதே எப்படிச் சொல்வது? பாலன் பிறப்புப் பாட்டுக்குப் பிள்ளைகளைப் பழக்குவார்கள். குளிரும் அதிகமாக இருக்கும். பார்ப்போம்.

இவர் உங்களை விசாரித்தார். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிசிலி மத்தியாஸ்


திம்புள்ள,
3.10.1982

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அம்மாக்கண்ணு எழுதுவது. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பேத்தியின் பல்லைப் பற்றி எழுதினீர்கள், குளிரைப் பற்றி எழுதினீர்கள். படம் எப்படித் தெரிகிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. மாஸ்டர் ஐயா சித்திரையில் பெட்டி வாங்கியபோது நான் வந்து பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னேனா இல்லையா? குறையாகச் சொல்லவில்லை. மனதில் பட்டதை எழுதினேன்.

படம் நன்றாகத் தெரிகிறது. போன வாரம் ஒரு பெண் பச்சைப் பட்டுச் சேலை கட்டிப் பரதம் ஆடினாள், கால் விரலில் இருக்கிற மருதாணி கூடத் தெரிந்தது. அதற்குப் பிறகு சிங்களத்தில் செய்தி. பிறகு தமிழில் செய்தி. ஒரு வெள்ளைக்காரன் கடலுக்குள் போய் மீனைக் காட்டினான். பிள்ளைகளுக்கான பொம்மைப் படம் சனிக்கிழமை ஓடுகிறது, ஐவியிடம் சொல்லுங்கள். அவள் உட்கார ஒரு சின்ன முக்காலி செய்யச் சொல்லி அழகனிடம் சொல்லியிருக்கிறேன்.

குளிர் என்று எழுதினீர்கள். இந்தக் குளிரில்தானே நான் இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தேன். மூத்தவனுக்குத்தானே உங்கள் பெண்ணைக் கொடுத்தீர்கள். கம்பளி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது.

இன்னும் எழுதியிருப்பேன், விளக்குச் சிமினி கரி பிடித்துவிட்டது, எழுத்துத் தெரியவில்லை. சரியான பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
அம்மாக்கண்ணு


கினிகத்தேனை,
24.10.1982

பாசமுள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் கோபப்பட்டது நியாயம். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூடாது என்று இல்லை, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல ஐவி எடுத்துச் சத்தமாக வாசித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி இல்லை. எங்கள் அப்பாயி வீட்டு டீவி கலர், கதவெல்லாம் இருக்கு என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். பாலன் பிறப்புப் பாட்டும் வேண்டாமாம், புதுச் சட்டையும் வேண்டாமாம், லீவு விட்ட மறுநாளே திம்புள்ளைக்குப் போக வேண்டுமாம். இனி மறிக்க முடியாது. டிசம்பர் பதினொன்றாம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் கூட்டி வருகிறேன். இவரும், கலரில் எப்படி இருக்கிறது என்று நானும் ஒருநாள் பார்த்துவிட்டு வருகிறேனே என்கிறார். அவரை நான் நிறுத்திவிடுவேன்.

சம்பந்தியம்மா, ஏதாவது அசௌகரியம் இருந்தால் முன்னாலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். என்னிடம் சொல்லக்கூடாதது ஒன்றும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
சிசிலி மத்தியாஸ்


திம்புள்ள,
7.11.1982

சம்பந்தியம்மாவுக்கு,

அடுத்த வாரம் தீபாவளி. வீடு மெழுகி முடித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தை ஐவி கையில் கொடுக்க வேண்டாம். மாஸ்டர் ஐயாவுக்கும் காட்ட வேண்டாம்.

எங்கள் லயத்தில் கரண்ட் இல்லை.

எழுதிவிட்டேன். மூன்று மாதமாக இந்த நாலு வார்த்தை எழுத வரவில்லை. டிவிசனில் ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா குவார்ட்டர்ஸுக்கும் பேக்டரிக்கும் மட்டும்தான் கரண்ட். நான் வாங்கிய பெட்டி கரண்ட் இல்லாமல் ஓடாது. வாங்கும்போதே எனக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்புத்தான் படித்தேன், ஆனாலும் கடையில் அது செருகியிருந்ததைப் பார்க்கக் கண் இருந்ததே.

அன்றைக்கு நல்லமுத்து கடையில் விலை கேட்டுவிட்டு, உங்களுக்கு இஸ்திரிப் பெட்டி வயர் வாங்க வேண்டும் என்றுதான் முதலாளி கடைக்குள் போனோம். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "அம்மா, இது லயத்து ஆளுங்களுக்குச் சரிவராது, கரண்ட் வேணும். கீழ நல்லமுத்து கடையில பேட்டரிப் பெட்டி இருக்கு, அங்க கேளுங்க" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாங்க லயத்துல இல்லீங்க. வீடு. கரண்ட் இருக்கு" என்றேன். ஏன் அப்படி வாயில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்ன பிறகு வாங்காமல் வெளியே வர முடியவில்லை. வேலையை விட்டு நின்றபோது கைக்கு வந்த பணம் அப்படியே போனது. மகனுக்கு என்று இல்லை, நோய்க்கு என்று இல்லை, ஒரு வார்த்தைக்குப் போனது.

அன்டெனா பூட்ட ஒரு சிங்கள ஆள் வந்தார். கூரையில் ஏறி, எங்கள் காம்பராவுக்கும் பக்கத்து மீனம்மா காம்பராவுக்கும் நடுவில் குழாயை நட்டு, வயரை உள்ளே இறக்கிவிட்டு, சுவரை நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். "ஆச்சி, கரண்ட் கோ?" என்றார். கரண்ட் எங்கே என்கிறார். அடுத்த மாசம் வருது என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனார்.

முதல் வாரம் லயத்துச் சனம் சாக்கும் பலகையுமாக வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. பெட்டிக்குப் பேட்டரி வரணும் என்று சமாளித்தேன். மீனம்மா விடுவாளா? "பெட்டிக்குச் சோறு வந்ததும் சொல்லியனுப்புக்கா, நாங்க எலையோட வாறோம்" என்றாள். அழகன் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கிறார்களே, அதுதான் முகத்தில் அடிக்கிறது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பொம்பளைகள் என் வாசலைத் தாண்டும்போது கூரையை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பச்சைப் பட்டுப் பரதத்தைப் பற்றி எழுதினேனே. அது கிளாக்கர் ஐயா வீட்டு ஜன்னலில் பார்த்தது. உங்களுக்கு எழுத எனக்கு ஏதாவது வேண்டுமே. விறகு பொறுக்குகிற மாதிரிப் போய், வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாவது நாள் அந்த அம்மா கண்டுவிட்டார். "யாரது, பின்பக்கமா வா" என்றார். போனேன். என்ன வேணும் என்றார். டீவி பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியுமா, என் கூரையில் அவர்கள் அன்டெனாவைவிடப் பெரிய அன்டெனா நிற்கிறது. அவர் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு பழைய சேலையும் ஒரு கோப்பை மிஞ்சின சோறும் கொண்டுவந்து கையில் தந்தார். வாங்கிக்கொண்டேன், சம்பந்தியம்மா. என் வாழ்க்கையில் யாரிடமும் ஒரு பழைய துணி கை நீட்டி வாங்கியதில்லை. அதை வாங்கினால்தான் ஏன் நின்றேன் என்று கேட்க மாட்டார் என்று வாங்கினேன். சோற்றை ராக்காயியின் கோழிக்குப் போட்டேன். சேலை மடித்தபடி இருக்கிறது.

பிள்ளை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் பொய்யை அவள் வாயில் வைத்துவிட்டேன். பதினொன்றாம் தேதி அவளைக் கூட்டி வர வேண்டாம். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். இது கடைசிப் பொய், இதை மட்டும் எனக்காகச் சொல்லிவிடுங்கள்.

அம்மாக்கண்ணு


கினிகத்தேனை,
23.11.1982

என் சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. காய்ச்சல் என்று ஐவியிடம் சொல்லவும் இல்லை. பதில் எழுத இரண்டு வாரமாகிவிட்டது. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் வாயில் ஏன் அப்படி வந்தது என்று கேட்காதீர்கள் என்று எழுதினீர்கள். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நீங்கள் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றபோது முதலாளி என்னிடம், "கூட வந்தவங்க யாருங்க?" என்று கேட்டார். நான், "தெரிஞ்சவங்க. தோட்டத்துல இருக்காங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் ஒரே மகளின் மாமியாரை, நாம் இருவரும் மாறி மாறித் தூக்கிய பிள்ளையின் அப்பாயியைத் தெரிந்தவர் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் உங்களிடம் லயத்து ஆளுங்களுக்குச் சரிவராது என்றார். நீங்கள் கரண்ட் இருக்கு என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் லயத்தில் எத்தனை நாள் தங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? உங்கள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்திருக்கலாம். ஆனால் அப்போது, இவங்க லயத்துலதான் இருக்காங்க, எனக்குச் சம்பந்தி என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் வயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நீங்கள் பணத்தை எடுத்துக் கொடுக்கும்வரை குனிந்தே இருந்தேன்.

ஒரு விசயம் இங்கே யாருக்கும் தெரியாது. நான் இறம்பொடைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவள். என் அம்மாவும் கொழுந்துதான் எடுத்தார். மாஸ்டரைக் கட்டி இந்த ஊருக்கு வந்த பிறகு, எங்கள் அப்பாவுக்கு அந்தப் பக்கம் கடை இருந்தது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. உங்களைச் சம்பந்தி என்றால் அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்று பயந்தேன். உங்கள் பொய்க்கு ஒரு பெட்டியின் விலை போனது. என்னுடையதற்கு ஒன்றும் போகவில்லை, அதனால் இத்தனை வருசம் ஓடியது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். இதை என்னிடம் சொல்லி என்ன பயன், கடைக்காரரிடம் போய்ச் சொல்லு என்றார். சனிக்கிழமை தனியாக அட்டனுக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அன்றைக்குக் கலர்ப் பெட்டி வாங்கினாரே, அவர் என் மகளின் மாமியார், லயத்தில் இருக்கிறார், கரண்ட் இல்லை, நானும் லயத்தில் பிறந்தவள்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை, யாராவது குவார்ட்டர்ஸ் ஆள் கேட்டால் சொல்லியனுப்புகிறேன் என்றார். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் ஐவியை அழகன் தம்பியோடு அனுப்புகிறேன். ஆனால் அவளை வரவேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சிசிலி


திம்புள்ள,
1.12.1982

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு அம்மாக்கண்ணு எழுதுவது.

உங்கள் கடிதத்தை அழகன் வேலைக்குப் போன பிறகு வாசித்தேன். முதலாளியிடம் நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் அப்போது பெட்டியின் கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரிஞ்சவங்க என்றது காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன கடிதத்தில்கூட அதை எழுதப் போய் விட்டுவிட்டேன். எழுதினால் அது நடந்ததாகிவிடும், பிறகு நமக்குள் அது இருந்துகொண்டே இருக்கும் என்று நினைத்தேன். இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். இருக்கட்டும்.

நாலு பேர் நிற்கிற கடையில் போய் அப்படிச் சொல்ல என்னால் முடிந்திருக்காது. நான் கடிதத்தில்தான் சொன்னேன், அதையும் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை நல்லமுத்து கடைக்குப் போனேன். ஆகஸ்டில் அவனைத் தாண்டித்தானே மேல் கடைக்கு ஏறினேன், அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எதிர்ச் சாரியில் கொஞ்ச நேரம் நின்றேன். அவனே கூப்பிட்டான். அன்டெனா பூட்டிய ஆள் அவனிடம்தான் ஆணி வாங்குவானாம், அன்றைக்கே அவனுக்குத் தெரியுமாம். "பெரியம்மா, அன்டெனா நல்ல எடத்துல நிக்குது, அது போதும். லீவு முடியிற வரைக்கும் ஒரு பேட்டரிப் பெட்டிய எடுத்துட்டுப் போங்க" என்றான். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னான். பேட்டரியை நானே தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரட்டுக் களத்துக்கு முன்னால் இறங்கி, பகலில், எல்லோரும் பார்க்க நடந்து வந்தேன். மீனம்மா ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும் சும்மா இல்லை. "சோறு வந்துருச்சுடோய்" என்று லயம் முழுக்கக் கத்தினாள்.

அழகன் மறுநாள் எடுத்து வந்த சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டிக்கு மேலேதான் வைத்திருக்கிறோம். அதற்கு அளவான மேசை எங்களிடம் வேறு இல்லை. கறுப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பரவாயில்லை.

ஐவியைப் பதினொன்றாம் தேதி கூட்டி வாருங்கள். அழகன் வர மாட்டான், நீங்கள்தான் வர வேண்டும். கலர்ப் பெட்டி ஏன் ஓடவில்லை என்று நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். அப்பாயி பொய் சொன்னாள் என்று என் வாயாலேயே கேட்கட்டும், வகுப்பில் போய் அவள் என்ன சொல்வாளோ சொல்லட்டும். கடையில் நீங்கள் சொன்ன வார்த்தையை மட்டும் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன்.

கிளாக்கர் அம்மா தந்த சேலையைத் துவைத்து, திருப்பிக் கொடுக்கும் முன் இஸ்திரி போட அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஏன் வேலிக்குப் பின்னால் நின்றேன் என்பதையும் சொன்னேன். சேலையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். கலர்ப் பெட்டியை யாராவது வாங்குவார்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாளாவது தங்கிப் போங்கள். நீங்கள் பிறந்த மாதிரிக் காம்பராதான், கஷ்டமாக இருக்காது. படம் பார்க்க லயத்துப் பொம்பளைகள் சாக்கோடு வந்து உட்காருவார்கள். முந்தி நீங்கள் வந்தபோதெல்லாம் கதவுக்கு உள்ளேயே இருந்துவிட்டுப் போனீர்கள், பாதிப் பேருக்கு உங்களைத் தெரியாது. இது யாரு என்று என்னைக் கேட்பார்கள்.

என் சம்பந்தி என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
அம்மாக்கண்ணு